நைனா போடாத அங்கி

எங்கள் பாப்டிஸ்ட் சபைகளில் பிஷப் கிடையாது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் கூடி, கை தூக்கி, தன் காரியத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும். என் நைனா நகரியில் போதகர். பெரும்பாலும் பவர்லூம் வேலைக்காரர்களின் சபை. சித்தூர், திருப்பதி வட்டாரச் சபைகளுக்கெல்லாம் தலைவரும் அவர்தான். அதுவும் கை தூக்கிக் கொடுத்த பதவிதான். நான் அப்போது திருப்பதியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர்.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது வட்டாரச் சபைகளின் செயலாளர் ஒரு துணிக்கடைப் பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே ஊதா அங்கி.

"இனிமே தலைவர்னு வேணாம் பாஸ்டர்காரு, பிஷப்னு வச்சிக்கலாம். கலெக்டர் மீட்டிங்ல மத்த சபை பிஷப்புங்க முன்னாடி குந்திக்கினு கீறாங்க. நீங்க பேண்ட் சட்டையில பின்னாடி நிக்கிறீங்க."

"நாற்காலிதான பிரச்சின? அடுத்த தபா வூட்லருந்து ஒண்ணு எடுத்துக்கினு போறேன்."

அம்மா அங்கியைத் தடவிப் பார்த்தாள். "பாலியெஸ்டர். இந்த வெயில்ல வெந்துடுவாரு."

செயலாளர் சிரிக்கவில்லை. அங்கிக்குச் சம்மதித்தால் போட்டியே இருக்காது, மறுத்தால் தானே நிற்பதாகச் சொன்னார்.

"நில்லுங்க," என்றார் நைனா. "இத போட்டா நாளைக்கு ஊர் ஊருக்கும் நான் ஆர்டர் போடுவேன். அப்புறம் ஜனங்களுக்கு கை எதுக்கு?"

திருப்பதிக் கூட்டத்தில் மேடையிலும் அதையே சொன்னார். தோற்றார். நகரிக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசை மட்டும் அவருக்குக் கை தூக்கியது. எண்ணி முடித்த பிறகும் அவர்கள் இறக்கவில்லை. எண்ணியவர் தெலுங்கில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

புதிய பிஷப்பாகிவிட்ட செயலாளர் அங்கியோடு நகரிக்கு வந்த ஞாயிறு, ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. நைனா தொட்டித் தண்ணீரில் இடுப்பளவு நின்றிருந்தார்.

"வாங்க பிரதர்," என்றார்.

கூட வந்தவர் குறுக்கிட்டார். "பிஷப் ஐயான்னு சொல்லுங்க பாஸ்டர்."

"அத நான் முடிவு பண்ண முடியாது. சபைய கேக்கறேன்." ஈரச் சட்டையோடு திரும்பி நின்றார். "இவர பிஷப் ஐயான்னு கூப்பிடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். ஒரு கையும் எழவில்லை.

"குந்துங்க பிரதர்," என்றார் நைனா. அடுத்தவரைத் தண்ணீருக்குள் இறங்கச் சொன்னார்.