ஆறும் ஏழும், இரண்டும் ஹார்ட்டின்

ஃபிரெட்ரிக் சார் நல்லவர் என்று சாந்தோமில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அவர் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு மந்தைவெளியில் மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸ் மாற்ற வந்தவரோடு பேச்சு வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த மத்தியானங்களில் அவர் வீட்டுக்குச் சீட்டாடப் போக ஆரம்பித்தேன். ரம்மி இல்லை, போக்கர். காசு வைத்து ஆடுவதை டோரதி அம்மா, அவர் மனைவி, வாசற்படி ஏற விடமாட்டார். புளியங்கொட்டைதான் எங்கள் பணம். தவக்காலம் வந்தால் அதுவும் கிடையாது. சீட்டுக்கட்டு பீரோவுக்குள் போய், ஈஸ்டர் முடிந்துதான் வெளியே வரும்.

ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சார்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு. பிறகு எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் மூன்று சீட்டைத் திறப்பார்கள். அது திறக்கும் முன்பே, ஆட்டத்தில் இருப்பதா, கையைக் கவிழ்ப்பதா என்று முடிவு செய்துவிட வேண்டும். இரட்டை ஏஸ் வந்தால் யோசனையே வேண்டாம், பந்தயத்தை ஏற்றிக் கட்டலாம். சாருக்குப் பிரியமெல்லாம் சில்லறைக் கைகள் மேல்தான். சின்ன ஜோடி, இல்லையென்றால் ஆறும் ஏழும் ஹார்ட்டின் மாதிரி ஒரே ரகத்தில் அடுத்தடுத்த சீட்டு.

"இப்ப இது ஒண்ணுமேயில்ல ஆனந்த்," என்பார். "ஆனா பெருசா ஆகலாம். அதனால மலிவா கெடச்சா பாரு. கடைசியாப் பேசற எடத்துல உக்காந்திருந்தா பாரு. எதிராளி முன்னாடி கொட்டை குவிஞ்சிருந்தா பாரு, வேண்டிய சீட்டு விழுந்தா அப்பதான் லாபம். எவனாவது ஏத்திட்டான்னா வெக்கமே படாம கவுத்துடு."

இதில் பாதிதான் பாடம். மீதியை ஒருநாள் திட்டி வாங்கித் தெரிந்துகொண்டேன். கையில் இரண்டு ஏழு. மேஜையில் மூன்றாவது ஏழு திறந்தது, கூடவே ஒரு ஏஸும் ஒரு ராஜாவும். மூன்று ஏழு சேர்ந்தால் பெரிய கை. எதிரில் இருந்தவர் கொட்டையை மொத்தமாகத் தள்ளினார். பயந்துபோய்க் கவிழ்த்துவிட்டேன். சார் என் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் டோரதி அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "விழணும் விழணும்னுதானே உள்ள வந்த? விழுந்தப்புறம் கவுக்கறதுக்கு எதுக்குய்யா வந்த?" அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்து வந்து இதையே கேட்டார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள், ஆஸ்வினும் கரோலும். ஒரு ஞாயிறு, கரோல் கட்லெட் தட்டோடு மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பேச்சு பிள்ளைகள் பக்கம் போனது. "ஆஸ்வின் எனக்கு இரட்டை ஏஸ்," என்றார் சார். பிறகு மகளைப் பார்த்து, "இவ ஆறும் ஏழும், ஹார்ட்டின்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தட்டை மட்டும் அவருக்கு நீட்டாமல் தாண்டிப் போய்விட்டாள்.

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தால் அது நம் தப்பு. ஆஸ்வினுக்கு அடையாறில் கோச்சிங், தனி அறை, பைக். கரோல் ஹாலில் படித்தாள். ஆனால் கையில் எது கிடைத்தாலும் அதை வேறு மாதிரி செய்து பார்க்கிற பெண். என் கடையில் கண்ணாடி வைக்கிற ஸ்டாண்டு ஆளைக் குனிய வைக்கும். அட்டைப் பெட்டியை வெட்டி அவள் ஒரு மாடல் செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து ஆசாரி செய்த ஸ்டாண்டில்தான் இன்றைக்கும் என் கண்ணாடிகள் நிற்கின்றன.

அகமதாபாத்தில் ஒரு டிசைன் காலேஜ். இந்தியா முழுக்கப் பரீட்சை எழுதுவார்கள், விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் எடுப்பார்கள். எழுதட்டுமா என்று கேட்டாள். அப்ளிகேஷனுக்கு மட்டும்தானே செலவு என்று சார் கட்டினார். "மலிவா ஒருவாட்டி பாத்துடலாம், ஆனந்த்," என்று என்னிடம் கண்ணடித்தார்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம், ஈஸ்டர் முடிந்து சீட்டுக்கட்டு வெளியே வந்த முதல் ஞாயிறு. பாதி ஆட்டத்தில் கரோல் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "டாடி, கெடச்சிடுச்சு!"

சார் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே பேசினார். "அண்ணனுக்குக் கனடாவுல எடம் வந்திருக்கும்மா. ரெண்டு பேருக்கும் என்னால முடியாது. நீ இங்கயே பி.காம். சேந்துடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், விழுந்தப்புறம் கவுக்கறீங்களே," என்றேன்.

"அது சீட்டு ஆனந்த். இது குடும்பம்," என்றார். கரோல் போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். சார் அடுத்த கைக்குச் சீட்டைக் கலைத்தார்.

என் ஆத்திரம் அங்கேதான். மேஜையில் கவிழ்த்தால் ரெண்டு நிமிஷத்தில் வேறு கை வரும். கரோலுக்குப் பதில் யார் வரப்போகிறார்கள்? அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் எதையும் வேறு மாதிரி செய்து நான் பார்க்கவில்லை. பி.காம். முடித்தாள். தி. நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். கல்யாணமாகி நங்கநல்லூரில் குடியிருக்கிறாள்.

இரட்டை ஏஸ் கனடாவில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போன் வரும். டோரதி அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். சாருக்குக் கை நடுக்கம். சீட்டைப் பிரித்துப் பிடிக்க முடியவில்லை. புளியங்கொட்டையை எண்ணி வைத்தால் பாதி தரையில். தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரோலிடம் கேட்கத் தனியாகப் போகப் பயந்து, என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போன வாரம் நங்கநல்லூருக்குக் கிளம்பினார்.

மாடி வீடு. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கரோல் டீ போட்டாள். எனக்கு முழு டம்ளர். அவருக்கு அரை டம்ளர்தான், கை நடுங்கினாலும் சிந்தாத அளவுக்கு. அதைப் பார்த்ததும், சரி, வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

"உங்கூடவே வந்து இருந்துடறேம்மா," என்றார் சார்.

அவள் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேன் டாடி. சமைச்சு வெச்சுட்டு, மாத்திர எடுத்து வெச்சுட்டுப் போறேன். பகல்ல கூட இருக்க ஒரு ஆள் பாத்துத் தரேன். அவ்ளோதான் என்னால முடியும்."

"ஏம்மா?"

"அவ்ளோன்னா எனக்கு மலிவா கீது. அதுக்கு மேல ஏத்தாதீங்க, கவுத்துடுவேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்திருந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் காணோம்.

சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பாதியில் நின்றார். முகத்தில் வருத்தத்தோடு, பழைய மாணவன் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் ஒரு மெச்சுதலும் இருந்தது.

"கரெக்டா ஆடறா ஆனந்த். எதிராளிகிட்ட கொட்டை குவிஞ்சிருந்தாத்தானே உள்ள வரணும்? எங்கிட்ட இன்னா கீது? ஏ க்ளாஸா ஆடறா."

அந்தப் பெண்ணை அவர் பாராட்டி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"யோவ்," என்றேன். இத்தனை வருஷத்தில் சாரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அவ உள்ள அழுதுகினு கீறா. தண்ணி சத்தம் கேக்குதா இல்லையா? மேல போங்க. உன்ன அன்னிக்கு அனுப்பாதது என் தப்பும்மான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் மேலே பார்த்தார். கதவு திறந்தேதான் இருந்தது.

"வேணாம் ஆனந்த். இப்ப போனா ஏத்தற மாதிரி ஆயிடும்," என்று சொல்லிவிட்டு, மீதிப் படியை இறங்கி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.