சண்முகம் அண்ணன் விடாமல் நடந்த துண்டு

ஓமானின் சலாலாவில் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது சண்முகம் அண்ணனின் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "அப்பா தவறிட்டாங்க சித்தப்பா. நேத்து சாயங்காலம்கூட கம்மாய்க்கரையில நடந்துட்டுத்தான் வந்தாங்க." அழுகைக்கு முன்னால் எனக்குப் பெருமைதான் வந்தது.

இந்தக் குழுவில் வெள்ளிக்கிழமைகளில் அவரோடு நடந்த நம் நால்வருக்கும் அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர், சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். "இருவது வருசமா இந்த ஊர வண்டி ஜன்னல் வழியாத்தான பாத்திருக்கேன்" என்று சொல்லி, விசா முடிவதற்குள் முக்சைல் கடற்கரையிலிருந்து மலைமேட்டுப் புல்வெளிகளைக் கடந்து மிர்பாத் கடற்கரைவரை நடந்தே தீர்வது என்று கிளம்பினார். வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. ஒரு வெள்ளி நிறுத்திய இடத்தில் சைட்டில் கட்டும் மஞ்சள் நாடாவைக் கட்டி வைப்பார். அடுத்த வெள்ளி வண்டியில் அங்கே போய், அதை அவிழ்த்துக்கொண்டு நடையைத் தொடர்வோம்.

கரீஃப் மழைக்காலத்தில் மலை பச்சைப்பசேலென்று கிடக்கும். மூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாது. அப்படியொரு நாள் வழி தவறினோம். சேற்றில் மாட்டுக் குளம்புத் தடம் கண்டதும், "விவசாயி மகனுக்கு மேப் எதுக்குப்பா? இதப் புடிச்சுப் போனா ரோடு வந்துரும்" என்றார். நாமும் விவசாயி மக்கள்தானே, நம்பிப் போனோம். தடம் நேராக ஒரு தொழுவத்தில் போய் முடிந்தது. மாட்டுக்காரப் பெரியவர் "தரீக் மாஃபி", பாதையே கிடையாது என்று சிரித்துவிட்டு, தேநீர் கொடுத்து, தன் பிக்கப்பில் ஏற்றி ரோட்டில் இறக்கிவிட்டார்.

"அது அரபி மாடுண்ணே, நம்ம பேச்சக் கேக்காது" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. தொழுவத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே நடக்காத துண்டு ஒன்று விழுந்துவிட்டதே என்பது அவர் கவலை. நாடாவைத் தொழுவத்து வேலியிலேயே கட்டிவிட்டு வந்திருந்தார். அதன்பின் கல் அடுக்கி அடையாளம் வைத்து, மேற்கொண்டு நடந்தோம்.

கடைசி வெள்ளி வந்தது. திங்களன்று அவருக்கு விமானம். மிர்பாத்துக்கு ஒரு நாள் நடை மிச்சம். அந்தத் துண்டும் மிச்சம்.

"அத விடுங்கண்ணே, கலாஸ், முடிஞ்சது. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"சாரத்துல ஒரு கிளாம்ப விட்டுட்டு இப்படிச் சொல்லுவியா? நான் பாத்துட்டேன்ல?"

விடியும்போது வேலியில் கட்டிய நாடாவை அவிழ்த்துக்கொண்டு தொழுவத்திலிருந்து தனியாக நடந்து வந்தார். நாம் நால்வரும் ரோட்டில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். பிறகு வண்டியில் போய், கடற்கரையில் விட்ட இடத்திலிருந்து அவரோடு சேர்ந்துகொண்டோம். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தும் மனிதர் வேகம் குறையவில்லை. பொழுது சாய்கையில் மிர்பாத் அலைக்குள் இறங்கி, "முழுசு! முழுசு!" என்று கத்தினார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் காரணம் தெரியாமலேயே கைதட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் அதற்குப்பின் பார்க்கவில்லை.

நாடாவை என் கையில் சுற்றிவிட்டார். "எனக்கு இனிமே கட்ட எடமில்ல தம்பி. நீ வச்சுக்க."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நாடாவும், "நான் பாத்துட்டேன்ல?" என்ற கேள்வியும். அந்த வழியை முழுதாக நடந்தவர் அவர் ஒருவர்தான். வருகிற வெள்ளி விடியும்போது நான் தொழுவத்து வேலியருகே நிற்பேன். நீங்கள் மூவரும் வாருங்கள். இந்த முறை வண்டியை ரோட்டில் காலியாக நிறுத்துவோம்.