படத்துக்கு நான் சொன்ன வசனம்

சனிக்கிழமை மாலை டி.வி.யில் இந்திப் படம் ஓடும்போது எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சேலையூரில் டியூஷன் போய் இந்தியில் முதல் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். மாம்பழம் இனிக்கும், ராமன் பள்ளிக்குப் போகிறான் என்ற அளவுக்கு இந்தி தெரியும். அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரப் படத்தையும் தமிழில் சொல்லிவிடுவேன். தெரியாத இடங்களில் நானே வசனம் போட்டுக்கொள்வேன். தெரிந்த இடங்கள் குறைவு.

அம்மா, அப்பா, பெரியம்மா மூவரும் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பல்லாவரத்தில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களுடனேயே இருந்தாள். அப்பா முதலில் பெண் பார்க்க வந்தது பெரியம்மாவைத்தான். வந்த இடத்தில் பஜ்ஜித் தட்டு எடுத்து வந்த தங்கையைப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத இந்த விஷயம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் என் காதுக்கு வந்தது. முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அன்றைய படத்தில் அக்காவும் தங்கையும் ஒரே ஆள்மேல் ஆசை வைத்துவிட்டார்கள். அக்கா விட்டுக்கொடுத்தாள். பல வருஷம் கழித்து அக்காவின் பெட்டியில் தன் புருஷனின் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தங்கை பொறாமையில் கொதித்தாள். அக்கா சுவரில் சாய்ந்து அழுதபடி நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"எனக்கு அவர் மேல ஆசையே இருந்ததில்ல, நீ சந்தோஷமா இருன்னு சொல்றா," என்றேன்.

அன்று பார்த்துப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வந்திருந்தார். ஏர்ஃபோர்ஸ்காரர் மனைவி. பத்து வருஷம் வடக்கே இருந்துவிட்டுத் தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்தவர்.

"அப்படிச் சொல்லல கண்ணு. ஒரு நாள்கூட அவரை மறக்க முடியலன்னு சொல்றா," என்றார் முறுக்கைக் கடித்துக்கொண்டே.

அப்பா எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். ஆன்டெனாவைத் திருப்ப வேண்டுமாம். படம் நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. அம்மா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கோ என் கவலை. என் இடத்தைப் பறிக்க வந்தவராகவே ஆன்ட்டி தெரிந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் சொன்னதுதான் கரெக்ட்!" என்று கத்தினேன்.

"குழந்தை சொன்னதுதான் கரெக்ட்," என்றாள் பெரியம்மா. "அவளுக்கு அந்த ஆசையே இல்ல." ஆன்ட்டியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி பாவம், இரண்டாவது முறுக்கை எடுக்கவேயில்லை.

ஜெயித்தது நான்தான் என்றாலும் மனசு உறுத்தியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தபோது பெரியம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"அது நானா சொன்னது பெரியம்மா."

"தெரியும்டி. அவ மூஞ்சியப் பார்த்தா தெரியாதா? அதுக்கு இந்தி வேற படிக்கணுமா?"

"அப்புறம் ஏன் கரெக்ட்னு சொன்னே?"

கேட் திறந்தது. பெரியம்மா என் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். என்மேல் இருந்த பாசத்தில், எனக்காகத்தான் அப்படி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து அன்று முழுவதும் பூரித்துப்போயிருந்தேன்.