அற்புதமணி டீச்சரும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும்

1974-ல் தூத்துக்குடியில் கூரை மடக்குகிற கார் வைத்திருந்த பெண் அற்புதமணி டீச்சர் மட்டும்தான். நாசரேத்துக்காரர், பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்தினார். நாற்பத்திரண்டு வயது. கல்யாணத்துக்கென்று அப்பா சேர்த்த நகையை விற்று, ஊரைவிட்டுப் போன கப்பல் கம்பெனி மேனேஜரிடமிருந்து அந்தப் பழைய ஹெரால்டு காரை வாங்கியிருந்தார். மழை பெய்தாலொழிய கூரைத் துணியை விரிக்க மாட்டார்.

வண்டிக்குப் பின்பக்கம்தான் வியாதி. ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போனதால், ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரைக்கும் குதித்துக்கொண்டே போகும். பின்சீட்டில் ஒரே ஒருநாள் ஏறிய தையல் டீச்சர், மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனார்.

பீச் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அய்யாக்குட்டி, “புதன்கிழமை வாங்க டீச்சரம்மா. புதுசு மாட்டி, தொட்டில் மாதிரி ஆக்கித் தாரேன்” என்றார். சொன்னபடியே புதன்கிழமை வண்டி தயாராக இருந்தது. குனிந்து பார்த்தால் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டும் கன்னங்கரேலென்று மின்னின.

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டி பழையபடி குதித்தது.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் சாக்கை விரித்துக் காரின் அடியில் புகுந்தார். கொண்டை ஊசியால் சுரண்டினார். கறுப்பு பெயிண்ட் உரிந்தது. உள்ளே அதே துரு. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் ரசாயனம் சொல்லித்தருகிறவளிடமே பெயிண்ட் வேலையா என்று நினைத்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், “அண்ணாச்சி, வண்டி படகு மாதிரி போகுது. ஞாயித்துக்கிழமை ஆறுமுகநேரியில எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் மதினியும் வரணும்” என்றார்.

அய்யாக்குட்டி தலையைச் சொறிந்தார். அவர் மனைவி பேச்சிக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிறு காலையில் பட்டுச்சேலை கட்டி, ஒரு தூக்குவாளி நிறைய மோரோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். அய்யாக்குட்டி முன்கதவைத் திறக்கப் போனார்.

“அங்கன என் பை இருக்கு. நீங்க மதினிகூட உக்காருங்க” என்றார் டீச்சர்.

ஆத்தூர் வரைக்கும் தார்ரோடு. பேச்சி ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஆட்களையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். ஆத்தூரைத் தாண்டியதும் டீச்சர், “குறுக்குவழி” என்று சொல்லி உப்பளத்து லாரித் தடத்தில் வண்டியை இறக்கினார்.

முதல் பள்ளத்தில் வாளி மூடி பறந்தது. இரண்டாவதில் மோர் அய்யாக்குட்டியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மூன்றாவதில் இருவரும் சீட்டைவிட்டு ஒரு முழம் எழும்பினார்கள். மேலே கூரை இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“என்னங்க, இதுக்குத்தான் புதுசு மாத்துனியளாக்கும்?” என்று பேச்சி கத்தினாள்.

“ஏளா, ரோடு சரியில்ல!”

“ரோட்டையா மாத்தச் சொன்னாவ? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உள்ளதச் சொல்லுங்க!”

டீச்சர் இன்னும் இரண்டு பள்ளம் தேடிப் போய் இறக்கினார்.

“நிப்பாட்டுங்க டீச்சரம்மா!” என்று அய்யாக்குட்டி கும்பிட்டார். “மதுரையில இருந்து வந்த சாமான் வேற வண்டிக்கு உள்ளது. புதன்கிழமைன்னு சொல்லியாச்சு. பழசுக்கே பெயிண்ட் அடிச்சிட்டேன்.”

“வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.”

“வெக்கமா இருந்துச்சு” என்றார் அவர், சட்டையைப் பிழிந்துகொண்டே. அதைக் கேட்டதும் டீச்சருக்கு மேற்கொண்டு ஓட்ட மனசு வரவில்லை. திரும்பித் தார்ரோட்டில் மெதுவாகப் போனார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சரே மதுரைக்குப் பஸ் ஏறி, சரியான ஜோடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தன் வீட்டு முற்றத்தில் தானே மாட்டுவது என்று தீர்மானம். அய்யாக்குட்டிக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான். அவரும் கேட்ட ஸ்பேனரை மட்டும் எடுத்து நீட்டினார்.

துருப்பிடித்த அடி போல்ட் ஒரு மணி நேரமாக அசையவில்லை. காரின் அடியிலிருந்து, “அண்ணாச்சி, இது என்ன இப்படி இருக்கு?” என்று குரல் வந்தது.

“நீங்களா கேக்கட்டும்னுதான் இருந்தேன்” என்றார் அய்யாக்குட்டி, முகம் மலர்ந்து. “மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப்போடணும். ஆக்சிலுக்கு அடியில இன்னொரு ஜாக்கி குடுக்கணும். இல்லேன்னா போல்ட் கழண்டதும் சக்கரம் தொங்கிரும்.”

பிறகு இரண்டு பேருமே அடியில் கிடந்தார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. டிக்கியை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் வண்டி ஒருமுறை எழும்பி அப்படியே நின்றது. இருவரும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது. புருஷனோடு வந்திருந்த பேச்சி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏளா, எறங்கு!” என்று அய்யாக்குட்டி ஓடினார்.

டீச்சர் ஈரக்கையோடு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “இடது காலால கிளட்ச்சை மிதிங்க மதினி. நல்லா மிதிங்க” என்றார்.