ஒன்பது குஞ்சுகளில் எது சேவல்

ஆறாம் மாதத்தில் டாக்டர் என்னைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். முந்தைய வருஷம் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் மறுபேச்சு பேசவில்லை. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் சாலையோரம் எங்கள் வீடு. கொல்லைப்பக்க ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார் கணவர். எனக்குப் பொழுது போகட்டும் என்று சைக்கிளில் விற்று வந்தவரிடம் ஒன்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் வாங்கினார். எல்லாமே பெட்டைதான் என்று சத்தியம் செய்தாராம் அந்த ஆள்.

மதியங்களில் தூக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கும். வாழை நிழலில் அவை சருகு கிளறும் சத்தம் தூறல் போலக் காதில் விழும். மறுபடி கண் திறக்கும்போது குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டது போலத் தோன்றும்.

எட்டாம் மாதம். பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"பொட்டயா? யாரு சொன்னா? அஞ்சு சேவ நிக்குது பாருங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கொண்டை சிவந்து தடித்திருந்தது, காலும் பருமனாக இருந்தது. வாலடியில் விரலால் நீவினார்.

"இந்த எறகு கூரா நீண்டு வருதுல்ல, இது சேவ. பொட்டைக்கு முனை உருண்டையா இருக்கும்."

பேச்சோடு பேச்சாக என் வயிற்றைப் பார்த்தார். "இதையும் சொல்லட்டுமா?"

"கோழியோட நிறுத்திக்குங்கக்கா" என்றேன். எதுவானாலும் உயிரோடு வந்தால் போதும் என்றிருந்தேன். அவர் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தின் காலிலும் அடையாளத்துக்குப் புடவைக் கிழிசலைக் கட்டினார் கணவர். ஒரு மாதத்தில் நான்கு கூவத் தொடங்கின. தொண்டை கட்டிய பிள்ளை அழுவது போலிருந்தது. பிறகு ஒன்றையொன்று ரத்தம் வரக் கொத்தின. துரத்தித் துரத்தி மிதித்ததில் ஒரு பெட்டையின் முதுகு மொட்டையானது.

"நாலு பொட்டைக்கு ஒரு சேவயே அதிகங்க" என்றார் அக்கா. சாதுவான ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டை அவருக்கும் ஒன்றை அம்பகரத்தூரில் இருக்கும் மச்சாண்டாருக்கும் கொடுத்தோம். ஐந்தாவதான, கூவாத வெள்ளையை மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெண் பிறந்தாள். அம்மா வீட்டிலிருந்து அவளோடு நான் திரும்பிய வாரம், வெள்ளை வைக்கோலில் ஒடுங்கி உட்கார்ந்தது. எழுந்தபோது கொக்கரித்தது. கணவர் முட்டையை என் கையில் வைத்தார். இன்னும் சூடு இருந்தது.

அக்காவிடம் காட்டினேன். "அட, காலப் பாத்து ஏமாந்துட்டேன்" என்று சிரித்தார். குழாயடியில் இருமுறை கை கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கினார். அவரிடம் அப்போதும் கடல் வாசனை அடித்தது. மடியிலேயே அவள் தூங்கிப்போனாள். வாசலில் பாதிக் கூடை மீன் விற்காமல் இருந்தது. அக்கா எழுந்திருக்கவே இல்லை.