முத்திரை விழாத பத்திரிகை

எங்கள் தலைமை நூலகரை எனக்குப் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன, இன்னும் பிடிக்கவில்லை. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் அவரிடம் ஒரு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

எழுபதுகளில் திருவனந்தபுரத்து நூலகம் ஒன்றில் தமிழ்ப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நாலு அலமாரி, ஒரு மேஜை, நான். வலியசாலையிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். ஒரு புத்தகம் வந்தால் அது எதைப் பற்றியது என்று பார்த்து, பொருள் தலைப்பு கொடுத்து, துண்டுச் சீட்டில் எழுதி டைப்பிஸ்டுக்கு அனுப்ப வேண்டும். கார்டில் அடித்து முடித்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். தலைப்பை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. கடல் கடந்து வந்த தடித்த பட்டியல் ஒன்று இருந்தது. அதில் கங்காருவுக்கு இடம் உண்டு, பனிச்சறுக்குக்கு இடம் உண்டு. சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கும் தமிழனுக்கு இடம் கிடையாது. பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது தலைமை நூலகரின் கட்சி.

தம்பானூரில் ஓர் ஓட்டலில் சப்ளையராக இருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு கொத்தனாரையும் ஒரு தையற்காரரையும் சேர்த்துக்கொண்டு பத்திரிகை நடத்தினார். கையால் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, பின் அடித்த இருபது தாள். மறுபக்கம் மை ஊறிவிடும் என்று தாளின் ஒரு பக்கம்தான் எழுத்து இருக்கும். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பிரதியை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்.

"பத்திரிகை இந்த லக்கம் கொஞ்சம் லேட்டாயிட்டு அக்கா. ஸ்டென்சில் கிழிஞ்சு போச்சு."

"உங்ககிட்டயும் ஒரு பிரதி பத்திரமா வெச்சுக்கோங்கோ" என்றேன் ஒருமுறை.

"ஆறு பேரு படுக்கிற ரூமு அக்கா. மேல வேற ஒழுகுது. இங்க இருந்தா பத்திரமா இருக்கும்லா?"

இருக்கும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து வார இதழ்க் கதைகளில் பங்களாவும் பியானோவும் வரும். படித்துப் படித்து எனக்குக் குமட்டல் எடுத்திருந்தது. சப்ளையர் எழுதியது வேறு. தான் கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் கேட்டுப் போய் வாசலோடு திரும்பியவனைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தார். எங்கும் அழுகை கிடையாது. அப்படிப்பட்ட கதையை எழுத இந்த ஊரில் வேறு யாருக்கும் துப்பில்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு இதழையும் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு மூன்று தடவை படிப்பேன்.

அம்மாவுக்குப் பொறுக்காது. "போயும் போயும் ஓட்டல்ல எச்சில் எலை எடுக்கறவன் எழுதினதையா இப்படி விழுந்து விழுந்து படிக்கறே?" என்பாள். அவளோடு சண்டை போட்டால் படிக்கிற நேரம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வேன்.

பத்திரிகைக்கு 'தமிழர் – திருவனந்தபுரம் – தொழிலாளர் எழுத்து' என்று தலைப்பு எழுதி அனுப்பினேன். தலைமை நூலகர் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'பலவகை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அடித்தார். பலவகை என்றால் படிக்கட்டுக்குக் கீழே இருந்த மரப்பெட்டி. பூச்சிமருந்து விளம்பரம், சங்கங்களின் ஆண்டறிக்கை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அதில்தான் கிடக்கும். யாராவது எடுத்துப்போனால் முத்திரை குத்துவதற்கான தேதிச் சீட்டை ஒவ்வொரு இதழுக்கும் பின்னால் ஒட்டி, நானே அதில் கொண்டுபோய் வைத்தேன்.

இப்படி மூன்று வருடம் போன பிறகு, தங்கை கல்யாணத்துக்காகப் பன்னிரண்டு நாள் விடுப்பில் போனேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் புதிய துண்டுச் சீட்டுக் கட்டு ஒன்று இருந்தது. காகிதத்துக்கு முடை இருந்த காலம். எது கிடைத்தாலும் வெட்டிச் சீட்டாக்குவார்கள். குவிந்து கிடந்த புத்தகங்களுக்குத் தலைப்பு எழுதித் தள்ளினேன். நான்காம் நாள் ஒரு சீட்டு மின்விசிறிக் காற்றில் பறந்து தரையில் கவிழ்ந்தது. குனிந்து எடுத்தபோது, அதன் மறுபக்கத்தில் தண்ணீர் கேட்டுப் போனவன் வாசலில் நிற்கும் வரி பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

நேரே தலைமை நூலகரின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

"பெட்டியை யாரு காலி பண்ணச் சொன்னது சார்?"

அவர் நிமிரவே இல்லை. இதழ்களிலிருந்து கிழித்து வைத்திருந்த தேதிச் சீட்டுகளை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பினார். மூன்று வருடம் யாரும் எடுக்காத பத்திரிகையை மொத்தமாக நீக்கிவிடலாம் என்பது விதி.

"நோக்கூ. ஒரு சீலெங்கிலும் உண்டோ? ஆரும் வாசிச்சிட்டில்லா" என்றார் மலையாளத்தில். ஒரு சீட்டிலும் முத்திரை இல்லை.

"நான் படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன்."

"ரெகார்டு உண்டோ?"

இல்லை. ரிஜிஸ்டரில் எழுதி, முத்திரை குத்தி எடுத்துப்போவது வெளியாட்களின் வேலை என்று எங்களுக்குள் ஒரு மிதப்பு. ஊழியர்கள் யாரும் எழுதமாட்டோம். பையில் போட்டுக்கொண்டு போவோம், மறுநாள் கொண்டுவந்து வைப்போம். ஊரார் எடுத்துப்போன புத்தகங்களுக்கெல்லாம் நாள் முழுக்க முத்திரை குத்திய கைதான். இதற்கு ஒன்று குத்தத் தோன்றவில்லை. அவர் முகத்தில் பேனாவை விட்டெறிய வேண்டும் போலிருந்தது.

என் மேஜைக்குத் திரும்பிக் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். முதல் மூன்று நாள் சீட்டுகள் முந்தின நாளே எரிந்து போயிருந்தன. மிச்சம் கையில் கிடைத்தது அறுபதோ எழுபதோ. நூல் போட்டுக் கட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை சப்ளையர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நாகர்கோவிலில் ஓர் அச்சகக்காரர் கதைகளைப் புத்தகமாகப் போடச் சம்மதித்துவிட்டாராம்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா. வாங்கினவங்ககிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். எல்லாம் இங்கதான இருக்கு. ரெண்டு நாள் தந்தீங்கன்னா எழுதி எடுத்திருவேன்."

தலைமை நூலகர், விதி, மூன்று வருடம் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாப் பழியையும் அந்த அறைப் பக்கம் கை காட்டியே தள்ளினேன். சப்ளையர் நான் நீட்டிய கட்டைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாகத் தன் வரிகளைப் படித்தார். கடைசியில் ஒன்றைத் திருப்பினார். 'கோழி வளர்ப்பு – கையேடுகள்' என்று அதில் எழுதியிருந்தது. அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததையும்.

"பின்னால எழுதியிருக்கது யாருக்கா?"

"நான்தான்" என்றேன்.