சூலூரில் படகு கட்டியவர்

தொலைபேசி மணி அடித்தபோது எங்கள் ஷெட்டில் யாருடைய கையும் சும்மா இல்லை. ஒரு படகின் அச்சில் கண்ணாடியிழை விரிப்பைப் போட்டு, ரெசின் பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்துக்கொண்டிருந்தோம். கலந்துவிட்ட ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது, சற்று நேரத்தில் கல்லாக இறுகிவிடும். நான்தான் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன். பேசியவர் எங்கள் முதலாளி சென்னியப்பன் அவர்களின் அண்ணன் ராமசாமி. ஷெட்டில் எல்லாருக்கும் அவர் 'பெரியவர்'.

"அம்மணி, தம்பி போயிட்டானுங்க."

நெஞ்சுவலி என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முந்தின நாள் மாலை நான் பார்க்கப் போனபோது, கட்டிலில் படுக்காமல், குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "அச்சுக்கு மெழுகு பூசியாச்சுங்களா?" என்றுதான் கேட்டார். நர்ஸ் அவரைத் திட்டினார். நானும் திட்டினேன். இப்படி நடக்கிறவருக்கு என்ன ஆகிவிடும் என்ற தைரியத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

செய்தியைச் சொன்னதும் ஆட்கள் உருளையைக் கீழே வைக்கப் போனார்கள். "இந்த அடுக்கை முடிச்சுருங்க. பாதியில உட்டா அவரே எந்திரிச்சு வந்து சத்தம் போடுவாரு" என்றேன். அழுதுகொண்டேதான் தேய்த்தோம். முடிந்ததும், கையில் ஒட்டிய பிசினைக்கூட முழுசாகத் துடைக்காமல், அவர் வீட்டுக்குப் போனோம்.

அவரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். காங்கேயம் பக்கம் வானம் பார்த்த பூமிதான் அவர்கள் குடும்பத்துக்கு. சொந்தக்காரர்கள் தேங்காய் எண்ணெய் மில் வைத்தார்கள். இவர் சூலூரில் ஷெட் போட்டு, நூல் மில்களுக்கு ஃபைபர் விசிறி இறக்கைகள் செய்தார். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஒரே வடிவத்தைத் தினமும் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டிப்ளமோ முடித்த கையோடு வரைபட வேலைக்கு விண்ணப்பித்துப் போனேன். அவர் உட்காரவில்லை, அதனால் நானும் நின்றேன்.

"படகு வரையத் தெரியுமுங்களா அம்மணி?"

"பார்த்ததே இல்லைங்க சார்."

"நானும் பாத்ததில்லீங்க. செரி, நாளைக்கே வந்துருங்க."

எங்கள் படகுக் கம்பெனி இப்படித்தான் தொடங்கியது. மலை மேல் ஓர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், அன்னம் போன்ற மிதிபடகுகள் கேட்டு வந்தார். தேர்ச் சிற்பம் செய்யும் ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து அச்சுக்கு மாதிரி செய்யச் சொன்னோம். அவரும் அன்னத்தைக் கண்டதில்லை. கழுத்து பருத்து, பின்னால் ஒரு திமிலும் வந்துவிட்டது. "இது காளைமாடு மாதிரி இருக்குதுங்க சார்" என்று நான் சொல்ல, சார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "காங்கேயத்து அன்னம் அப்படித்தானுங்க இருக்கும்" என்றார். குத்தகைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனார். குழந்தைகள் அதில்தான் ஏறுவோம் என்று அடம்பிடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

விமானப்படைத் தளம் இருக்கும் ஊர், கேலிக்குப் பஞ்சமில்லை. "ஏரோப்ளேன் இருக்குது, கப்பல் ஒண்ணுதான் கொறை" என்று டீக்கடையில் சொல்வார்கள். கடல் இல்லாத ஊரில் எதற்குப் படகு என்று யாராவது நேரில் கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "கடலோரத்துக்காரங்களுக்கு ஏனுங்க நேரமிருக்குது? அவிய மீன் புடிக்கோணுமல்ல?" என்பார்.

அவரோடு வேலை செய்வது சுகமான காரியமில்லை. பூசிய ரெசின் காய்வதற்குள் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். விரல் பதிந்த இடத்தை மறுபடி தேய்க்க வேண்டும். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். அதை வாசித்துக்கொண்டே தொட்டார். நான் கத்துவேன், அவரும் கத்துவார், மத்தியானம் சாப்பாட்டுக்குள் சமாதானமாகிவிடுவோம்.

பிறகு கொச்சியிலிருந்து ஒருவர் வந்து, பாய்மரப் படகு ஒன்று கட்டித்தர முடியுமா என்றார். உல்லாசப் படகு, உள்ளே படுக்கவும் சமைக்கவும் இடம் வேண்டும். யோசித்துச் சொல்கிறோம் என்று நான் வாயெடுத்தேன். சார் அந்த நிமிடமே ஒப்புக்கொண்டார்.

ஷெட் இருந்த இடத்தில் பாதி பெரியவருடையது. விசிறி வேலையை மூட்டை கட்டிவிட்டுத் தம்பி ஒரே படகின் பின்னால் அலைவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, எங்கள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "இந்தப் படகு நல்லபடியா தண்ணியில நின்னுதுன்னா நான் வாய் தொறக்கல. இல்லீனா படகுத் தொழில இத்தோட உட்டுப்போடோணும். இங்க தறி போடப் போறேன்." சார் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் தூங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

படகு முடிந்தது. நீளமான டிரெய்லரில் ஏற்றி, பாலக்காடு வழியாகக் கொச்சிக்குக் கொண்டுபோனோம். பெரியவர் பஞ்சாங்கம் பார்த்துப் புதன்கிழமை காலையில் நல்ல நேரம் குறித்திருந்தார். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மாலை, தேங்காய், சந்தனத்தோடு வந்து இறங்கினார்கள். காயலோரம் படகு இறக்கும் சரிவுக்குப் போய்ப் பார்த்தால், சரிவின் முடிவில் தண்ணீர் இல்லை. வெறும் சேறு. தண்ணீர் தள்ளி இருந்தது.

அங்கிருந்த மேஸ்திரி எங்களைப் பார்த்துச் சிரித்தார். இப்போது வற்றம், கடல் உள்வாங்கும் நேரம், மத்தியானத்துக்கு மேல்தான் தண்ணீர் ஏறும் என்றார். கிணற்றையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த எங்கள் யாருக்கும் கடலிடம் நேரம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. படகை வரைந்த எனக்கும்தான்.

"மத்தியானம் ராகுகாலம். நல்ல நேரத்துல தண்ணி படாத படக நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

சார் வேட்டியை மடித்துக் கட்டினார். "எல்லாரும் கை குடுங்க, தள்ளிப்போடலாம்!"

நான் டிரெய்லருக்கு முன்னால் போய் நின்றேன். படகுக்கு அடியில் நீண்டிருக்கும் கீல் சேற்றில் குத்தினால் அடிப்பாகம் பிளந்துவிடும். "ஒடைஞ்சா படகும் போச்சு, ஷெட்டும் போச்சுங்க சார்!" என்று கத்தினேன். நகரச் சொல்லி அவரும் கத்தினார். அத்தனை சொந்தக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். நான் நகரவில்லை.

சட்டென்று அவர் முகம் மாறியது. பூஜைக்கு வைத்திருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி ஓடினார். இரண்டு தரம் விழுந்து எழுந்தார். காயல் தண்ணீரை மொண்டுகொண்டு வந்து, படகின் மூக்கிலிருந்து வழியும்படி ஊற்றினார். "படகு தண்ணிக்குப் போகலீன்னா என்னங்கண்ணா? தண்ணி படகுக்கு வந்துருச்சு. நேரம் சரியாப் போச்சுங்களா?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேன் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகுதான் கஷ்டம். காத்திருக்கத் தெரியாத மனிதர் காத்திருக்க வேண்டியிருந்தது. சேற்றில் ஒரு குச்சியை நட்டுவைத்து, தண்ணீர் அதைத் தொட்டதா என்று போய்ப் போய்ப் பார்த்தார். மேஸ்திரியை நச்சரித்தார். சாப்பிடச் சொன்ன மனைவியிடம் எரிந்து விழுந்தார். எனக்கும் நிலைகொள்ளவில்லை. மிதக்குமா, ஒரு பக்கம் சாயுமா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

தண்ணீர் நிதானமாக ஏறி வந்தது. சரிவு மறைந்ததும் மேஸ்திரி டிரெய்லரை இறக்கினார். நடு ராகுகாலத்தில் படகு நிமிர்ந்து நின்று மிதந்தது. சார் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அதன் பக்கவாட்டில் கை வைத்தார். ஷெட்டில் ஆயிரம் தடவை தொட்ட இடம்தான். "அம்மணி, ஆடுதுங்க! தொட்டா ஆடுதுங்க!" என்று அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஷெட்டில் தறி வரவில்லை, படகுகள் வந்தன. ஆனால் ராகுகாலத்தில் மிதந்த படகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்தடுத்த படகுகளை இறக்கும்போதும் கொச்சிக்கு வரவில்லை.

அதனால் ஆட்கள் மயானத்திலிருந்து திரும்பியபோது எனக்குத் துக்கத்தோடு பயமும் இருந்தது. இனி எல்லாம் பெரியவர் கையில். அச்சில் இருக்கும் படகு என்ன ஆகும் என்று ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவரிடம் இதைக் கேட்கும் நேரமில்லை என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் பெரியவரே ஷெட்டுக்கு வந்தார். படகைச் சுற்றி நடந்தார். தம்பியைப் போலவே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். காய்ந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கொச்சியில தண்ணி எப்ப ஏறும்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க அம்மணி. பஞ்சாங்கத்த அப்புறம் பாத்துக்கறேன். இந்தத் தடவ நானும் வாரேன்."

இதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை, சார். போய் வாருங்கள்.